கருமாதிக் குளத்துக் குமிழிகள்

அப்பாவின் கருமாதியன்று ஊர்க் குளத்தில் மூன்று முறை முங்கச் சொன்னார்கள். நான் மூத்த மகன். கீழ்வேளூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்தில் யார் செத்தாலும் முழுக்கு அங்கேதான்.

படியில் நின்று பார்த்தேன். பச்சையாகத் தடித்துக் கிடந்த தண்ணீரில் குமிழி குமிழியாக வந்து உடைந்தது. அழுகிய முட்டை நாற்றம்.

கம்பெனிக்காரன் பூமியைத் துளைத்ததால்தான் கேஸ் கசிகிறது என்றார் பெரியப்பா. பங்காளிகள் தலையாட்டினார்கள். எரிவாயுக் கிணறு வேண்டாமென்று சாலையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நானும்தான் உட்கார்ந்தேன். அந்தக் கோபம் நியாயம். ஆனால் அதன்பிறகு எந்தத் தண்ணீர் குமிழிவிட்டாலும் கம்பெனி தலையில் போட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

சாண எரிவாயுக் கலன் கட்டுவது என் பிழைப்பு. காற்றுப் புகாத சகதியில் அழுகுவதற்கு ஏதாவது கிடந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயு விடும். மாட்டு வயிற்றில் நடப்பதும் அதுதான். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. கூடவே கிளம்பும் கந்தக வாயுதான் குடலைப் பிடுங்கும். கல்யாண மண்டபத்து எச்சில் இலையும் கோழிக்கடைக் குடலும் இந்தக் குளத்தில்தான் விழுகின்றன. தூர்வாரி எத்தனையோ வருடமாகிறது.

இருந்தும் இறங்கினேன். அப்பாவுக்காக. முழங்கால்வரை சேறு இழுத்தது. குமிழிகள் தொடையில் ஊர்ந்து ஏறின. காலடியில் ஏதோ மெத்தென்று அமுங்கியது. குனிந்து இழுத்தேன். அப்பா கடைசியாகப் படுத்திருந்த மெத்தை. சுடுகாட்டிலேயே எரித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். கறுத்து, வழவழவென்று, பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. முங்காமலே கரையேறிவிட்டேன்.

"அப்பனுக்குச் செய்யறதுல அருவருப்பு பாக்கலாமாடா?" என்றார் பெரியப்பா.

"அவரு பீ மூத்திரம் போன மெத்த, பெரியப்பா. அது மேல நின்னு முங்கச் சொல்றீங்க. இதையும் கம்பெனிக்காரனா வந்து போட்டான்?"

நான் வயலுக்குப் போய் பம்புசெட்டைப் போட்டேன். கொட்டுகிற தண்ணீரில் மூன்று முறை தலையைக் கொடுத்தேன். அப்பாவுக்கு அதுதான் முழுக்கு. சாஸ்திரம் ஏற்காவிட்டால் போகட்டும்.

எனக்குப் புத்தி சொல்வதற்காகப் பெரியப்பா அந்தக் குளத்திலேயே முங்கினாராம். சற்று நேரத்தில் தலையில் பாசியும் இடுப்புவரை கறுப்புச் சேறுமாக வரப்பில் நடந்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பம்புசெட்டுத் தொட்டியருகே நின்று துண்டைப் பிழிந்தார்.

நான் குழாயடியை விட்டு நகர்ந்துகொண்டேன். அவர் கொட்டுகிற தண்ணீரில் வெகுநேரம் நின்றார்.