கேஸ் நிற்காத வண்டி

சவர பிரஷ் என்றால் எனக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வருவதில்லை. அவருடைய பழைய காரின் ஏசி குழாய்கள்தாம் வரும். குழாய் இணைப்புகளில் அந்த பிரஷ்ஷால் சோப்பு நுரையைத் தடவிவிட்டு, எங்கே குமிழி கிளம்புகிறதென்று குனிந்து பார்ப்பார். குமிழி வந்தால் அங்கே கேஸ் கசிகிறது என்று அர்த்தம். தாடி மண்டிய மனிதர் காருக்கு நுரை பூசுவதை புனே சிஞ்ச்வட்டில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டியே வேடிக்கை பார்த்தது. "ஒங்கப்பாவுக்குச் சவரம் இல்ல, காருக்குல்லா நடக்கு" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு அவள் சிரிக்கமாட்டாள்.

அண்ணனுக்காகத்தான் அந்தக் காரை வாங்கினார். அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலையில் உலை வெடித்து, முகம், கை, மார்பெல்லாம் வெந்துபோயின. பிழைத்தது பெரிய காரியம். ஆனால் ஒட்டுப்போட்ட தோலில் வியர்வை வராது. உடம்பில் ஏறும் சூடு இறங்க வழியில்லை, வெயிலில் போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. ஏசி மட்டும் ஓடிவிட்டால் மகன் படியிறங்கிவிடுவான் என்று அப்பா நம்பினார். நாங்களும் நம்பினோம்.

இப்போதைய கார்களில் பித்தானை அமுக்கினால் குளிர்கிறது. அந்தக் காரோ எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அதற்கான பழைய கேஸ் வருவது நின்றுவிட்டது, புதியது போட்டால் "சப் பதல்னா படேகா சாப்" என்றார் பக்கத்துப் போபோடியில் இருந்த மெக்கானிக். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமாம். கம்ப்ரஸரை மாற்றினால் கண்டன்ஸர் ஒழுகியது. அதை மாற்றினால், டாஷ்போர்டையே கழற்றி எடுக்கவேண்டிய கூலிங் சுருளும் கைவிட்டது. நைந்த வேட்டியைத் தைத்த கதைதான். ஒவ்வொரு முறையும் அப்பா அண்ணனின் அறை ஜன்னலைப் பார்த்து, "அடுத்த வாரம் போயிருவம்லே" என்று குரல் கொடுப்பார். "சரிப்பா" என்று உள்ளிருந்து பதில் வரும்.

ஒரு மே மாதப் பகலில் வண்டி குளிர்ந்தது. அப்பா குடை பிடித்து அண்ணனை அழைத்துவந்தார். படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டு அம்மாள் அவனைப் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு முன் சீட்டில் ஏறினான். அம்மாவும் நானும் பின்னால். மெயின் ரோடு சிக்னலில் அப்பா குழந்தையைப்போலக் கேட்டார்: "பாத்தியாலே, எப்படிக் குளுருதுன்னு! எங்க போவோம்? ஓட்டலுக்கா, சினிமாவுக்கா?"

"நல்லாத்தான் குளுருதுப்பா. ஆனா எங்க போயி எறங்க?" என்றான் அண்ணன்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அப்பா வண்டியை எடுக்கவில்லை. புனேயில் ஸ்வெட்டர் போடவைக்கும் குளிர்காலமும் உண்டு. அப்போதும் அவன் வெளியே வந்ததில்லை என்பது எங்களுக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. எங்கும் இறங்காமல் வீடு திரும்பினோம்.

மறுவாரம் அப்பா மறுபடியும் போனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏசியில் ஏதோ கோளாறு என்றார். அண்ணன் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னான்:

"ஆமாப்பா. அன்னைக்கே கூலிங் கொறச்சலாத்தான் இருந்துச்சு."