திரைக்கு வெளியே நீண்ட கை

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமல் போங்கள். அந்தத் தகரக் கொட்டகைக்குள் அடைபட்டவள் மைமூன். நீங்களும் நானும் அல்ல.

பிளேக் பயத்தில் ஊரே ஆடிக்கொண்டிருந்த வருஷம். ராஜபாளையத்து ஜவுளிக்கடை அகமது கபீரின் மனைவி மைமூனுக்குக் காய்ச்சல். கழுத்தில் நெல்லிக்காய் அளவு நெறி கட்டியிருந்தது. அது போதாதா? வண்டியில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு அப்பால் இருந்த கொட்டகையில் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் நாலு மாதப் பால்குடிப் பிள்ளை. ரத்தத்தில் பிளேக் கிருமி இல்லையென்றால்தான் பூட்டு திறக்கும். இருந்தால் நாற்பது நாள்... அதுவரை உயிரோடு இருந்தால்.

அந்நிய ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண். அதனால் கபீர் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே ஒரு திரை கட்டவைத்தார். கை மட்டும் வெளியே நீட்டினால் போதும்.

பகல் பன்னிரண்டு பத்து. பூட்டு 'கிளிக்' என்றது. கம்பவுண்டர் ஆவுடையப்பன் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் மறுபடி 'கிளிக்'.

"கைய நீட்டும்மா."

மைமூன் கையைத் தூக்கினாள். அதற்குள், அவள் தோளை உரசிக்கொண்டு இன்னொரு கை நீண்டது. பச்சைக் கண்ணாடி வளையல்... கிணிங்... கிணிங்.

திரைக்குப் பின்னால் அவள் ஒருத்திதானே?

கத்தப் போனாள். அந்நிய ஆம்பளை காதில் குரல் விழக்கூடாது என்று வளர்ந்தவள் ஆயிற்றே. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

ஊசியால் குத்தினார். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போய்விட்டார்.

கிளிக்.

கை உள்ளே திரும்பி வந்தது.

மைமூன் பக்கத்தில் பார்க்கவே இல்லை.

ஆனால் யாரோ மூச்சு விட்டார்கள்...

ஒரு மணி. இரண்டு. மூன்று...

நாலு இருபது. கிளிக்.

"பிளேக் இல்லம்மா! வெளிய வா!"

அது என் ரத்தம் இல்லை என்று சொன்னால் மறுபடி பூட்டுவார்கள். பிள்ளை பாலுக்கு அழுதே செத்துப்போகும். ஊசி படாத விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எழுந்தாள்.

காதோரம் ஒரு குரல்.

"பிளேக் இல்லன்னா... எனக்கு என்ன சீக்குன்னு கேட்டுச் சொல்லு தாயி..."

ஓடினாள்.

வெளியே ஆவுடையப்பன் கபீரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ரத்தத்துல வெள்ளையணு அளவுக்கு மீறிப் பெருகிக் கெடக்கு. அதான் நெறியும் காய்ச்சலும். எதனால வருதுன்னு டாக்டருக்கே தெரியல. ஒரு மாசம் தாங்குனா பெருசு, பாய்."

கபீர் அழுத அழுகை சொல்லி முடியாது. ஆனால் ஒரு மாதம் போனது. சொத்தைப் பல்லைப் பிடுங்கியதும் மைமூனின் நெறி வற்றிவிட்டது. பிள்ளை அவள் மடியில் கொழுகொழுவென்று வளர்ந்தது.

பொறவுதான் கொட்டகைக் காவல்காரன் உக்கிரபாண்டி துணி எடுக்கக் கடைக்கு வந்தவன் சொன்னான்.

"கான்சாபுரத்துக் குருவம்மாள்னு ஒருத்தி, மொதலாளி. அவளுக்கும் கழுத்துல நெறிதான். 'எனக்கு என்ன சீக்குன்னு ரத்தத்தப் பாத்துச் சொல்லுங்கய்யா'ன்னு பத்தொம்பது நாள் கதவத் தட்டுனா. யாரும் பாக்கல. உங்க வீட்டம்மா வாரதுக்கு மூணு மாசம் முந்தியே உள்ள கெடந்து செத்துட்டா. தூக்கும்போது பச்சை வளையல் கிணுகிணுன்னு ஆடிச்சு... இன்னும் என் காதுல கேக்கு."

கபீர் வீட்டுக்கு வந்து இதையும், அன்று கம்பவுண்டர் சொன்னதையும் மைமூனிடம் சொன்னார். குருவம்மாளுக்கான பதில் இப்போது மைமூனிடம்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல அந்தக் கதவுக்குள் மறுபடி போகவேண்டும். சாகும்வரை அவள் போகவில்லை.