காடா துணிக்குப் பின்னால் கேட்ட கிடார்

கொதிக்கக் கொதிக்கக் காபி வாசனை... கூடவே அடையாறு ஆத்துக் காத்துல வர்ற சேத்து வாசனை. ராக் கிடார்னு யாராவது சொன்னா எனக்கு முதல்ல வர்றது இந்த ரெண்டும்தான்.

எழுபதுகளின் நடுவுல. தி.நகர்ல ஜவுளிக்கடை போட்டுக் காலூன்றிட்டேன். நாப்பதை நெருங்குற வயசு, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். கடைக்குப் பின்னாடி ரூம்ல ஒரு ரேடியோ. சனிக்கிழமை சாயங்காலம் இங்கிலீஷ் பாட்டு வைப்பான். வார்த்தை ஒண்ணும் புரியாது. ஆனா அந்த எலெக்ட்ரிக் கிடார் இழுக்குற இழுப்பு இருக்கே... எங்க ஊர்க் கோயில் கொடைத் திருவிழால நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவனுக்கு அது அந்நியமாவே படலை.

வேட்டி எடுக்க வந்த மந்தைவெளி பஞ்சு சார் அந்தச் சத்தம் கேட்டு நின்னார். ஆபீஸ் உத்தியோகம், சீசன் வந்தா சபா சபாவாப் போற ஆள். "என்ன அண்ணாச்சி, நீங்களுமா?"ன்னார். அன்னிலேர்ந்து சனிக்கிழமைன்னா அவருக்கு என் கடைல ஒரு ஸ்டூல்.

ரெண்டு பேருக்கும் ஒரே ஆசை. காதால கேட்டாச்சு... கிடார் வாசிக்கிறவன் விரல்ல என்னதான் பண்றான்னு கண்ணால பாக்கணும்.

அடையாறு பக்கம் ஒரு காலேஜ் மைதானத்துல ஷோ. கிடார் வாசிக்கிற பையன் அமெரிக்கா போறான், இதான் கடைசின்னு பேச்சு. ஆவணி முகூர்த்த நேரம்! கல்லாவுல மச்சானை உக்கார வச்சுட்டுக் கிளம்பிட்டேன். அது எப்பேர்ப்பட்ட காரியம்னு ஜவுளிக்காரனைக் கேட்டாத்தான் தெரியும்.

வாசல்ல பெல்பாட்டம் போட்ட பையன் எங்க வேட்டியைப் பாத்துட்டு, "பையனைத் தேடி வந்தீங்களா அங்கிள்?"ன்னான்.

பஞ்சு சார் டிக்கெட்டை நீட்டி, "நாங்கதாண்டா அந்தப் பசங்க"ன்னார்.

மேடைக்குப் பின்னால தொங்கவிட்ட துணி என் கண்ணை உறுத்துச்சு. மட்டமான காடா. கையை வச்சா மறுபக்கம் தெரியும்.

"நம்மகிட்ட கேட்டிருந்தா நல்லதாக் குடுத்திருப்பேன் சார்."

"வந்த எடத்துலயும் வியாபாரமா!"

ஆரம்பிச்ச உடனே முன்னாடி இருந்த பசங்க நாற்காலி மேல ஏறி நின்னுட்டாங்க. எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் தலைமுடிதான். பொழுது சாஞ்சுது... கிடார் ஓய, டிரம்ஸ் மட்டும் தனியா முழங்க ஆரம்பிச்சுது.

பஞ்சு சார் எழுந்துட்டார். "தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சாச்சு. வாங்கோ, காபி சாப்ட்டுண்டு வந்துடலாம்."

சபா வழக்கம்! மிருதங்கம் தனியா ஆரம்பிச்சா பாதி சபா கேன்டீன்லதான் நிக்கும். நானும் யோசிக்காம பின்னாடியே போனேன்.

கேன்டீன் மேடைக்குப் பின்பக்கம். கிளாஸை வாயில வைக்கப் போறோம்... டிரம்ஸ் நிக்கலை, அதுக்குள்ளேர்ந்தே கிடார் கிளம்பிடுச்சு. எதுக்காக வந்தோமோ அந்த நீள சோலோ!

"ஐயையோ, மோசம் போயிட்டோம் அண்ணாச்சி!"

ஓடினோம். கூட்டம் மேடையை நெருக்கிடுச்சுன்னு வழியை அடைச்சுட்டாங்க. பின்னாலேர்ந்து கேன்டீன்காரர் கத்துறார்: "இன்னா நைனா, கிளாஸைத் தூக்கிக்கினு எங்க ஓடுற?"

அசடு வழியத் திரும்பினப்பதான் பாத்தேன். மேடைக்கு முன்னால வச்ச விளக்கு வெளிச்சத்துல, அந்த மட்டமான காடா முழுக்க அவன் நிழல்! பனைமரம் மாதிரி கிடார் கழுத்து. ஒவ்வொரு விரலும் வாழைப்பழத் தடிமன். கம்பியை அழுத்தி, மேல தள்ளி, அப்படியே நடுங்க விட்டு... அந்த இழுப்பு எங்கேர்ந்து வருதுன்னு அன்னிக்குத் தெரிஞ்சுது.

"கமகம் அண்ணாச்சி... இது கமகமேதான்!" பஞ்சு சார் கிளாஸோட கையை நீட்டிக் காட்டினார்.

காபி ஏடு கட்டிப் போச்சு. ரெண்டு பேரும் குடிக்கவே இல்லை.

நல்ல துணி கட்டியிருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு வழி பூராச் சொல்லிச் சிரிச்சார் மனுஷன்.

பஞ்சு சார் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. சமீபத்துல பேத்தி ஒரு ஷோவுக்குக் கூட்டிட்டுப் போனா. முன்வரிசை, மெத்து மெத்துன்னு சோபா. ரெண்டு பக்கமும் ஸ்கிரீன்ல நகம் வரைக்கும் தெரியுது. வாசிப்புல குறை சொன்னா நாக்கு அழுகிடும். பின்னால கட்டின கறுப்புத் துணியும் உசத்திதான்... ஒரு பொட்டு வெளிச்சம் தாண்டாது.

டிரம்ஸ் தனியா ஆரம்பிச்சுது. கைத்தடியை ஊணி எழுந்தேன்.

"எங்க தாத்தா?"

"காபிக்கு."

"இப்பப் போனா சோலோ மிஸ் ஆயிடும் தாத்தா!"

"அதுக்குத்தாம்மா"ன்னேன்.