மரைக்காயர் வாங்க நினைத்த டெலிபோன் காண்டிராக்ட்

அடுத்தவர் விற்கப்போகும் தொழிலைப் போய்ப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வதும் ஒரு பிழைப்பு. வாங்கச் சொன்னால் பிற்பாடு திட்டு விழும். வேண்டாமென்றால் அப்போதே விழும். இதில் கிடந்து உழலும் சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்போது நான் மதுரையில் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்த்தேன். கீழக்கரை மரைக்காயர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். கொழும்பு வியாபாரம் படுத்துவிட்டது. இருக்கிற ஒரே தோணியை விற்று, ராமநாதபுரத்தில் விலைக்கு வந்திருந்த சர்க்கார் காண்டிராக்டை வாங்கிவிடத் துடித்தார். டெலிபோன் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, பழுது பார்க்கிற காண்டிராக்ட். தோணிக்கு விலை பேசியாகிவிட்டது. என் வாய்ச்சொல்தான் பாக்கி. தோணியை ஓட்டுகிற தண்டல் வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொத்து விவரம்

விற்கிறவர் காண்டிராக்டர் முத்தையா. கிட்டே வந்தால் ஜவ்வாது மணக்கும். பாம்பனில் ரயிலைவிட்டு இறங்கி, மாட்டு வண்டியில் அக்காள்மடம் வரை கூட்டிப்போய், வழிநெடுக நின்ற கம்பங்களைக் கல்யாணச் சீர் காட்டுகிற மாதிரி கை நீட்டிக் காட்டினார். இதில் உங்களுடையது எது என்று கேட்டேன். கம்பம் சர்க்கார் கொடுத்தது. கம்பியும் அப்படியே. ஏணிகூட சர்க்கார் ஏணி. மனிதர் அசரவில்லை.

“கம்பந்தான சர்க்காருது? தோண்டுன குழி நம்மதுல்ல!”

வளர்கிற கம்பம்

மறுநாள் கூட்டிப்போன காரங்காட்டுப் பக்கம் அந்தக் குழியும் இல்லை. சர்க்கார் கொடுத்த கம்பங்கள் யார் வீட்டுக்கு உத்திரமாகப் போயினவோ, கம்பியைப் பனைமரங்களில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பனைக்கும் வெள்ளைப் பெயிண்டில் கம்ப நம்பர் வேறு. முத்தையா சட்டென்று கடல் பக்கம் திரும்பி, காற்று சுகமாக இருக்கிறது என்றார். பதநீர்க் கலயத்தோடு மரத்திலிருந்து இறங்கியவரிடம் நான்தான் பேச்சுக் கொடுத்தேன். அவர் கொதித்துப்போயிருந்தார்.

“எங்கப்பன் வச்ச பனைய்யா இது. நம்பர் அடிச்சதுலருந்து, சர்க்கார் கம்பத்துல ஏறுறேன்னு எம்மேல கேசு!”

மேஸ்திரியின் கைத்திறன்

இவ்வளவுக்கும் காண்டிராக்ட் மட்டும் வருஷா வருஷம் இவருக்கே கிடைக்கிறது. எப்படி என்று கேட்டேன். “எல்லாம் நம்ம மேஸ்திரியோட கைத்திறன். வேலை செய்யிற எடத்துலயே பாருங்க” என்று ராமேஸ்வரம் கோயிலுக்குள் கூட்டிப்போனார். தீர்த்தக் கிணற்றுச் சுவரில் நின்றுகொண்டு மேஸ்திரி வாளி வாளியாக இறைத்து ஒரு அம்மாள் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள், காண்டிராக்ட் கொடுக்கிற பெரிய எஞ்சினீயரின் மாமியார். அதிகாரிகளின் உறவுக்காரர்கள் யாத்திரை வந்தால் ஸ்டேஷனில் வரவேற்பது, தங்க வைப்பது, தீர்த்தமாட வைப்பது, பிரசாதத்தோடு ரயிலேற்றுவது. கம்பெனியில் ஒழுங்காக நடந்த ஒரே வேலை இதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பி இழுக்க எப்போது போவீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். வாளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

“போன ஆபீசரோட அத்தை குளிச்சதுல தனுஷ்கோடி லைன் வந்துச்சு சார். இந்தம்மா மனசு குளுந்தா மண்டபம் லைனு.”

மரைக்காயர் தீர்ப்பு

கீழக்கரைக்குத் திரும்பி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வாங்கினால் நீங்கள் கம்பம் நட வேண்டாம் முதலாளி, வாளியைத்தான் தூக்க வேண்டும் என்றேன். திட்டுக்குக் காத்திருந்தேன். மரைக்காயர் தாடியைத் தடவிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார். சொன்ன கையோடு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“கடல்ல சோழகக் காத்தச் சமாளிச்சிருவேன் தம்பி, அடுத்தவன் மாமியாளச் சமாளிக்க நம்மளால ஏலாது. ஏய் தண்டல், பாயை ஏத்துங்க!”

தண்டல் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முத்தையாவின் காண்டிராக்டைக் கடைசியில் ராமேஸ்வரத்தில் யாத்ரீகர் விடுதி நடத்திய ஒருவர் வாங்கினார் என்று கேள்விப்பட்டபோது, டெலிபோன் தொழில் தெரிந்தவர் கைக்கே அது போய்ச் சேர்ந்ததில் எனக்குப் பரம நிம்மதி.