அரிதட்டும் கிரேக்கக் காசும்

போன கிழமை நெஞ்சுப் படம் எடுக்கப் போனேன். இருமல்தான், வேறொன்றுமில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர்ப் பிள்ளை கேட்டாள்: "அம்மா, சட்டைக்குள்ளை காசு ஏதும் செருகி வைச்சிருக்கிறியளோ?" தோள் எலும்புக்குக் கீழே வெள்ளையாய் ஒரு வட்டம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காசு! அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் என் மனிசன்மேல் கோபம்தான் முதலில் வரும்.

கந்தரோடையில் மழை விட்டதும் ஊர்ச்சனம் வெங்காயம் பார்க்கத் தோட்டத்துக்குப் போகும். இவர் போவது மண்ணில் தெரியும் பழங்காசு பொறுக்க. ஒருநாள் பச்சை பிடித்த வெண்கலச் சல்லியொன்றை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "கிரேக்கக் காசப்பா! இஞ்சை பாரும், தொப்பி போட்ட தலைக்குக் கீழை இன்னொருத்தன்ரை மூக்கு தெரியுது." கிரேக்கப் பேரரசன் செத்த பிறகு தளபதிமார் ஆளையாள் வெட்டிக்கொண்டார்களாம். வென்றவன், தோற்றவனின் காசிலே அவன் முகத்துக்கு மேலேயே தன் முகத்தை அடிப்பானாம். குத்துவிளக்குப் போலப் புளி போட்டுத் தேய்க்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

எங்கள் சந்தி மதிலும் அப்போது அப்படித்தான். செத்த இயக்கப் பெடியனின் படத்துக்கு மேலே, பசை காயமுதல், அடுத்துச் செத்தவனின் படம். லைற் கம்பத்தில் ஆளைக் கட்டிச் சுட்டவனை, வேறு இயக்கத்தான் ஒருவன் அதே கம்பத்தில் கட்டிச் சுட்டான். காலை பாண் வாங்கப் போகிற நாங்கள் இரத்தத்தை மிதிக்காமல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனோம்.

பிறகு வானத்திலிருந்தும் குண்டு விழத் தொடங்கியது. நாங்களும் பின்வளவில் பங்கர் வெட்டி, மேலே தென்னங்குற்றி அடுக்கினோம். வெட்டின மண்ணை உரப்பையில் கட்டிக் குற்றிக்கு மேல் போட்டால் வேலை முடிந்தது. மனிசன் விட்டால்தானே! அரிதட்டோடு குந்திவிட்டார்.

"பொறுமப்பா, அரிக்காமல் கட்டினால் உள்ளை கிடக்கிற காசு போயிடும்."

"உங்கடை காசிலை மண் விழ! ஊரெல்லாம் மூடியாச்சு, எங்கடைதான் வாயைப் பிளந்துகொண்டு கிடக்குது."

நான் கத்தினேன். அவர் அரித்தார்.

அடுத்தநாள் உலையில் அரிசி போட்டிருக்க, சகடை வந்தது. குண்டு போடுகிற அந்தப் பெரிய பிளேனுக்கு நாங்கள் வைத்த பேர். நான் பங்கருக்குள் குதித்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு மண் இல்லாத குற்றிகளைப் பார்த்தார். அரிதட்டை எறிந்துவிட்டுப் பாய்ந்து வந்து என்மேல் கவிழ்ந்து படுத்தார். "அசையாதையும்" என்றார். பக்கத்து வளவில் விழுந்தது. குற்றிகள் தெறித்தன. தோளில் கொள்ளிக்கட்டையால் குத்தினதுபோல் இருந்தது. என் கழுத்தில் சூடாய் வடிந்தது, அவர் பாரம் கூடிக்கொண்டே போனது. வாழ்நாளில் சொல்லாத அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

அரித்த மண்ணில் ஒரு சல்லியும் இருக்கவில்லை. அவர் சேர்த்த காசு டப்பாவைக் கிணற்றுக்குள் எறிந்தேன். தொண்ணூற்றைந்தில் ஆமி வர ஊரே எழும்பி ஓடியது. திரும்பி வந்தபோது வீடில்லை, கிணறு தூர்ந்துவிட்டது, பங்கர் கிடந்த இடமும் தெரியவில்லை. அவருடைய படம்கூட ஒன்று மிஞ்சவில்லை.

"சின்ன ஒப்பரேசன்தான் அம்மா, அந்தக் குண்டுத்துண்டை வெட்டி எடுத்துவிடலாம்" என்றாள் டொக்டர்ப் பிள்ளை.

"வேண்டாம் பிள்ளை," என்றேன். "அது அவருக்குள்ளாலை வந்தது."