அப்பாவின் கட்டைவிரலும் மூன்று ரிமோட்டும்

பக்கவாதம் அப்பாவின் வலது பக்கத்தையும் பேச்சையும் ஒருசேரக் கொண்டுபோன வருடம், எங்கள் துடியலூர் வீட்டில் மூன்று ரிமோட்கள் இருந்தன. டி.வி.க்கு ஒன்று, கேபிள் சேனல் மாற்றும் பெட்டிக்கு ஒன்று, வீடியோ டெக்குக்கு ஒன்று. எது எதற்கு என்று அப்பாவுக்குக் குழம்பியது. தவறானதை அழுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுவார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிற மனிதர் அவர். சேனல் மாற்ற அம்மாவின் கையை எதிர்பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை. எனக்கும் பார்க்கச் சகிக்கவில்லை.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் காந்திபுரத்துக் கடையில் கிடைத்தது.

"உங்க ஊட்ல எந்த டி.வி. இருந்தாலும் இதுக்குள்ள அடக்கமுங்க. நம்பரைப் போட்டா முடிஞ்சுதுங்க" என்றார் கடைக்காரர்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் கடைக்காரர் மட்டும் எதிரில் இருந்திருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். கூட வந்த தாளில் உலகத்து டி.வி.க்கெல்லாம் நம்பர் இருந்தது, எங்கள் டி.வி.யைத் தவிர. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வழி போட்டிருந்தது. பவர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ரிமோட் ஒவ்வொரு நம்பராக முயன்று பார்க்கும். எந்த அழுத்தலில் டி.வி. அணைகிறதோ, அங்கே நிறுத்திப் பதிந்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு நேரம் அழுத்தினேனோ தெரியாது, விரல் மரத்துவிட்டது. டி.வி. பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இடது கையை நீட்டினார். கொடுத்தேன். கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்த ஆரம்பித்தார்.

"மெதுவாவே அமுத்துங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றார் அம்மா.

சட்டென்று திரை இருண்டது.

"அட, அணைச்சுப்போட்டீங்களே!" என்று கூவினார் அம்மா.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நோய் வந்த பிறகு அன்றுதான் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது, ஆனாலும் நன்றாகவே சிரித்தார்.

பதிவுப் பொத்தானை அழுத்தக் குனிந்தபோதுதான் கவனித்தேன். ரிமோட்டில் அணைத்தாலும் எரிய வேண்டிய டி.வி.யின் சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் லேத் சத்தமும் நின்றிருந்தது. கரண்ட் போயிருக்கிறது. மார்கழிக் குளிரில் ஃபேன் போடாததால் மற்ற இருவருக்கும் தெரியவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு மனசு வரவில்லை.

"ஆமாங்கப்பா, நீங்கதான் அணைச்சீங்க" என்றேன்.

கரண்ட் வருவதற்குள் ரிமோட்டை வாங்கி வைத்துவிடலாம் என்று பார்த்தேன். அப்பா விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, வந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மாவிடம்கூடத் தூக்கிக் காட்டினார்.

லேத் சத்தம் மறுபடி கேட்டது. டி.வி. தானாக உயிர் பெற்றது. அப்பா ரிமோட்டை நீட்டி அழுத்தினார். அணையவில்லை. மறுபடி அழுத்தினார். நகம் வெளுக்கும்வரை அழுத்தினார்.

பிறகு ரிமோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, இடது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். அவர் எதைச் சோதிக்கிறார் என்று புரிந்ததும் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"கை நல்லாத்தானுங்க இருக்குது. அப்பப் போனது கரண்டுங்கப்பா, சத்தியமா கரண்டுதானுங்க."

அப்பா என்னைப் பரிவோடு பார்த்தார். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். தலையை ஆட்டிவிட்டு, இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.