கை பட்ட கோல்

வத்தேகமக் கடையில் காப்பித்தூள் மணத்தது. நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரரின் சுண்டுவிரல் தராசுத் தட்டில் படிந்திருந்தது. அதைக் கண்டதும் அம்மாவின் தம்பி முத்தையா மாமா நினைவில் ஓடி வந்தார்.

வெள்ளைக்காரன் காலத்தில் காப்பிக்கொட்டை காயவைத்த களத்தில்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்து அணி முட்டி தேயத் தேயப் பழகியது. அந்த வருடம் உதைபந்தாட்ட லீக்கின் கடைசி ஆட்டம் கண்டியில். வென்றால் கிண்ணம் எங்களுக்கு. தோட்டமே லொறியில் ஏறிப் போனது.

ஆட்டம் சமனாக நின்றது. முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் மாமா கோல் போட்டார். மத்தியஸ்தரும் விசில் ஊதிவிட்டார். நாங்கள் கத்திக்கொண்டிருக்க, மாமா அவரிடம் போய், "சேர், பந்து என் கையில பட்டுச்சி" என்றார். கோலும் போனது, கிண்ணமும் போனது.

திரும்பும் லொறியில் அம்மா பொரிந்து தள்ளினார். "ஒன்னய யாருடா கேட்டா?"

"கொழுந்துச் சாக்குக்கு அடியில கைய குடுத்து நிறுக்காதீங்கன்னு கணக்கப்புள்ளகிட்ட தெனம் சண்ட போடுறோம்ல, அக்கா? நாம மட்டும் கை வைக்கலாமா?"

தினமும் அந்தத் தராசு முன்னால் எடையும் கூலியும் குறையக் கண்டு நின்ற பெண்கள் கைதட்டினார்கள். முதலில் கைதட்டியது அம்மாதான்.

"அண்ணே," என்றேன் கடைக்காரரிடம், "விரல எடுத்துட்டு நிறுங்க."